டூட்டி லிஸ்ட்டில் செவிலியர் குரல்

இரவு டூட்டிக்கு வரும் சிஸ்டர், இருபது நோயாளிகள், உதவிக்கு ஒரு பயிற்சி மாணவி. ஐந்தாம் படுக்கையில் டிரிப் தீரும் நேரத்தில், அறுவை முடிந்து வந்தவருக்கு பிபி இறங்குகிறது. எங்கே முதலில் ஓடுவது? தவறு நேர்ந்தால் மெமோ சிஸ்டருக்குத்தான். வார்டுக்கு எத்தனை பேர் என்று முடிவானபோது அவரை யாரும் கேட்கவில்லை.

இதில் பாதிக்கப்படுவது நோயாளியும்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா ஐகன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரியவந்தது. அங்கே பல மருத்துவமனைகளில் வார்டுதோறும் செவிலியர் குழு உண்டு; டூட்டி நேரம், பராமரிப்பு முறை எல்லாம் அங்கே பேசி முடிவாகின்றன.

நம் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனால் பிடிமானம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு கட்டாயம். நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் அதில் சம எண்ணிக்கை. மொத்தம் பத்துப் பேருக்கு மேல் கூடாது. குறை எழுந்து ஓராண்டுக்குள் மனு தரலாம். முடிவு திருப்தியில்லை என்றால் சங்கத்தின் வழியாக 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். அறக்கட்டளை மருத்துவமனைகள் இச்சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று வாதிட இடமுண்டு என்பதால், அங்கே வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

தனியாகப் போய்க் கேட்ட சிஸ்டருக்கு அடுத்த மாதம் முழுக்க நைட் டூட்டி விழலாம். அதனால் வார்டே சேர்ந்து கையெழுத்திட்ட மனுவாகக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஹேண்ட் ஓவர் எடுக்கும்போது ரிப்போர்ட் புத்தகத்தில் நோயாளி எத்தனை, செவிலியர் எத்தனை, நேரம் என்ன என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நோயாளியின் பெயரோ நோய் விவரமோ வெளியே போகக் கூடாது. எண்ணிக்கை போதும், நாளை மெமோ வந்தால் அதுவே சாட்சி.

இன்னொன்று, வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். அப்படியும் தரவில்லை என்றால், வழக்குக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.