பழைய லாரியும் பெருவழிப் பயணமும்

சைக்கிள் மிதித்துப் பழகிய எவரும் ஓர் உண்மையைத் தம் கால்களாலேயே அறிவர். பின்சக்கரத்தின் பல்சக்கரம் பெரிதாயிருந்தால் மேட்டில் ஏறுவது எளிது. ஆனால் சமதரையில் விரைய முற்பட்டால் கால்கள் ஓயாது சுழன்று களைத்துப்போகும். அது சிறிதாயிருந்தால் சமதரையில் நிதானமாக மிதித்தே விரையலாம். மேடு வந்தாலோ மூச்சு வாங்கும். மோட்டார் வண்டிக்கும் விதி இதுவே. இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டில் புகழ்பெற்ற ஒரு பழைய பிக்கப் லாரியை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் உலகப் போரில் டாட்ஜ் கம்பெனியின் முக்கால் டன் லாரிகள் சேற்றிலும் மணலிலும் படைகளுக்கு உழைத்தன. போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டில், அதே அமைப்பைத் தழுவிப் பொதுமக்களுக்காக வெளிவந்த வண்டிக்குப் பவர் வேகன் என்று பெயர். முன்சக்கரங்கள் இரண்டையும் பின்சக்கரங்கள் இரண்டையும் எஞ்சினே இயக்கவல்ல இவ்வண்டி, 1968 வரை அமெரிக்காவில் விற்பனையாயிற்று. பண்ணை, காடு, சுரங்கம் ஆகியவையே இதன் களங்கள். நாடெங்கும் விரைவுப் பெருவழிகள் அமைக்க அமெரிக்கா சட்டம் இயற்றியது 1956-ல்தான். வண்டி அதற்குப் பத்தாண்டு மூத்தது. இன்று இதனைப் போற்றி வைத்திருப்போர் அப்பெருவழியில் இதனை ஓட்டும்போது, எஞ்சின் அலறுகிறது என்று குறைப்படுகின்றனர்.

அலறுவதன் காரணத்தைக் கணக்கிட்டே காணலாம். இவ்வண்டியின் அச்சுகளுள் அமைந்த கிரௌன் சக்கரமும் பினியனும் சேர்ந்து, நீள்தண்டு 5.83 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும்படி செய்கின்றன. கியர்ப் பெட்டியின் உச்ச கியரில் எஞ்சினும் நீள்தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 86 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் சுமார் 2.7 மீட்டர் கடக்கும். ஆகவே மணிக்கு 80 கிலோமீட்டர் செல்லச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 494 முறை சுழல வேண்டும். எஞ்சினோ 2,880 முறை சுழல வேண்டும். தொடக்ககால மாதிரிகளில் எஞ்சினின் முழுத் திறனாகிய 94 குதிரைத்திறன் கிட்டியதே 3,200 சுற்றில்தான் என்பதை நோக்கினால், அது மூச்சுப் பிடித்து ஓடுவது விளங்கும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே செல்லும் தூரம் சுமார் 117 மில்லிமீட்டர். 2,880 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 670 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கணக்கில் இவ்வாறு ஓடினால் தேய்வும் சூடும் எண்ணெய்ச் செலவும் மிகுகின்றன.

சுழற்சியைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பெரிய டயர். விட்டம் 81 சென்டிமீட்டரிலிருந்து 86 ஆனால் சுழற்சி நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். செலவு குறைவு, பயனும் குறைவே.

இரண்டாவது, அச்சின் விகிதத்தை மாற்றுவது. கம்பெனியே 4.89 என்ற விகிதத்தையும் அளித்துவந்தது. அதனைப் பொருத்தினால் 80 கிலோமீட்டரில் எஞ்சின் 2,410 சுற்றே சுழலும். ஆனால் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒருசேர மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்தினால், முன்சக்கரங்கள் ஒரு வேகத்தையும் பின்சக்கரங்கள் வேறொரு வேகத்தையும் நாடும். அந்த இழுபறியில் பற்கள் உடையும். வேகமானிக்கும் திருத்தம் தேவை. திருத்தாவிடில் முள் 67-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 80-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஓவர்டிரைவ் எனப்படும் துணைக் கியர். எஞ்சின் 0.78 முறை சுழலும்போதே தண்டினை ஒருமுறை சுழலச் செய்யும் கருவியை வைத்தால், 2,880 சுற்று 2,250-க்கு இறங்கும்; வேண்டாதபோது அதனை விலக்கிப் பழைய இழுவையையும் பெறலாம். பவர் வேகனில் கியர்ப் பெட்டியும், விசையை இரு அச்சுகளுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டியும் தனித்தனியே அமைந்து, ஒரு சிறு தண்டினால் இணைந்துள்ளன. கருவியை அவ்விரண்டுக்கும் இடையே பொருத்தினால் முன், பின் அச்சுகள் இரண்டும் ஒரேவிதமாகப் பயன்பெறும். டிரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னே, பின்னச்சுக்குச் செல்லும் தண்டில் பொருத்தினால், நான்கு சக்கரங்களும் இயங்கும் வேளையில் அதனைத் தொடவே கூடாது. இவற்றை விடுத்து, ஐந்து கியர் கொண்ட புதிய பெட்டியை வைப்போரும் உண்டு. அவர்கள், கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சுக்கு விசை தருவது பழைய கியர்ப் பெட்டியே என்பதை மறத்தலாகாது.

எவ்வழியைக் கைக்கொண்டாலும் எஞ்சினின் திறன் கூடுவதில்லை. 80 கிலோமீட்டரில் காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய திறன் முன்பு போன்றதே. குறைந்த சுழற்சியில் எஞ்சின் தரக்கூடிய திறனோ முன்னிலும் குறைவு. எதிர்க்காற்றோ மேடோ வந்தால் வண்டி திணறும். அப்பொழுது பிடிவாதம் செய்யாமல் கீழ்க் கியருக்கு இறங்குவதே எஞ்சினுக்கு நலம்.

இறுதியாக, யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. ஓசை அடங்கியதும் ஓட்டுநரின் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். முன்பு எஞ்சினின் அலறலே அவருக்கு எச்சரிக்கையாயிருந்தது. அது இப்பொழுது இல்லை. ஆனால் பிரேக்குகள் பழைய டிரம் பிரேக்குகளே, ஸ்டீயரிங்கும் பழையதே. வேகம் 80-லிருந்து 100 ஆனால், வண்டியை நிறுத்தப் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆதலால் இம்மாற்றத்தைச் செய்வோர், முன்பு எந்த வேகத்தில் சென்றனரோ அதே வேகத்தில் செல்வதென்று உறுதி கொள்ளல் நன்று. அவ்வாறு சென்றால் பழைய எஞ்சின் நெடுநாள் உழைக்கும்; வண்டியில் செல்வோரும், எதிரே வருவோரும் நலமாக வீடு சேர்வர்.