பதிவோடு நின்றுவிடும் வழக்கறிஞர் கல்வி

சட்டப் பட்டம் பெற்ற ஒருவர் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டால், அதன்பின் நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடினாலும், புதிதாக எதையேனும் கற்றதாக எவரிடமும் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இந்தியாவில் இல்லை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் தொழிலின் வாயிலைக் காக்கிறது; உள்ளே வந்தவரின் அறிவு காலத்தோடு வளர்கிறதா என்று அது கேட்பதில்லை. சட்டப் பொருள்கள் பற்றிய கருத்தரங்குகளை நடத்துவது மாநில பார் கவுன்சிலின் பணிகளுள் ஒன்று என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறதாயினும், அவற்றில் வழக்கறிஞர் பங்கேற்றாக வேண்டும் என்று கூறவில்லை. தொழிலில் இருக்கும் காலம் முழுவதும் குறித்த அளவு பயிற்சியைப் பெற்றே ஆக வேண்டும் என்னும் ஏற்பாடு கட்டாயத் தொடர் சட்டக் கல்வி எனப்படும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளைக் கொண்டு பார்த்தால், இந்த ஏற்பாடு இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று என்பது விளங்கும்.

நுழைவுத் தகுதியை உறுதி செய்வதற்கே நீண்ட காலம் தேவைப்பட்டது. பதிவுக்கு முன் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பார் கவுன்சில் விதிகள், சுதீர் வழக்கில் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தால் செல்லாதவை எனப்பட்டன. பின்னர் 2010இல் அறிவிக்கப்பட்டு 2011 மார்ச்சில் முதன்முறையாக நடத்தப்பட்ட பார் தேர்வு, பல ஆண்டு வழக்குகளைக் கடந்து, 2023 பிப்ரவரி 10 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பால்தான் உறுதிப்பட்டது. ஒரு முறை எழுதித் தேறும் அத்தேர்வு, எழுதிய நாளில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மட்டுமே அளக்க வல்லது.

பழைய எண்ணும் புதிய பொருளும்

2024 ஜூலை 1 முதல் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறிக்க வழக்கறிஞர்கள் நாள்தோறும் சொல்லிவந்த 482 என்னும் பிரிவு எண், புதிய நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனைக் குறிக்கிறது; உள்ளார்ந்த அதிகாரம் 528ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், இன்றைய குற்றவியல் வழக்கறிஞர் பழையது, புதியது இரண்டையும் ஒருசேரக் கையாளும் நிலையில் இருக்கிறார்.

லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் விபத்து இழப்பீட்டு வழக்கு அன்றாடப் பணியாகும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு ஏதும் இல்லாதிருந்தது. அந்தப் பழக்கத்திலேயே ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் தொழில் செய்தனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வரம்பின் செல்லுபடியை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனினும் அப்படியொரு திருத்தம் வந்ததையே அறியாத வழக்கறிஞரிடம் சென்ற குடும்பத்துக்கு, அந்தச் சட்டப் போராட்டம் தொடங்கும் முன்பே இழப்பு நேர்ந்துவிடக்கூடும்.

மின்னணுச் சான்று மற்றொரு துறையாகும். 2015 ஜூன் மாதம் நாமக்கல் மாவட்டத்தில் பொறியாளர் கோகுல்ராஜ் ஆணவக் கொலை செய்யப்பட்ட வழக்கில், முக்கிய சாட்சி பிறழ்ந்துவிட்ட நிலையில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பெரும் எடை பெற்றன. மதுரைக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கில் 2022 மார்ச்சில் முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தகைய பதிவைச் சான்றாக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கோருகிறது: ஒன்றில் பதிவை அளிப்பவரும் மற்றொன்றில் வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியான ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். சட்டக் கல்லூரியில் இவற்றைப் பயிலாத தலைமுறை, தொழிலுக்கு இடையே பயிலாமல் வேறு எப்போது பயில முடியும்?

இழப்பைச் சுமப்பவர் யார்?

வழக்கறிஞரின் அறியாமையால் வரும் இழப்பு வழக்கறிஞரைச் சேர்வதில்லை. அது கட்சிக்காரரின் தலையில் விழுகிறது. விசைத்தறிக் கூடத்தில் விரலை இழந்த பள்ளிபாளையம் தொழிலாளியோ, காசோலை வழக்கில் சிக்கிய இராசிபுரம் சேகோ வியாபாரியோ, தம் வழக்கறிஞர் சொல்வது இன்றைய சட்டமா, நேற்றைய சட்டமா என்று சோதித்தறிய இயலாதவர்கள். வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர முடியாது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் தொழில் வணிகத்தைப் போன்றதன்று என்ற அடிப்படையில் அந்தப் பாதுகாப்பு கிடைத்ததென்றால், தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் பொறுப்பைத் தாமே ஏற்பதுதான் அதற்கு ஈடாகும்.

பிற தொழில்கள் இதை ஏற்று நெடுநாளாயிற்று. தொழில் புரியும் பட்டயக் கணக்காளர் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் பயில வேண்டும் என்கிறது அவர்களது நிறுவனம். மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் பயில வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறின. ஒரே வணிகரின் கணக்கைப் பார்ப்பவர் படித்துக்கொண்டே இருக்க, அவருக்காக நீதிமன்றத்தில் நிற்பவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதற்கு நியாயமான காரணம் இல்லை.

எதை அளப்பது?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1975ஆம் ஆண்டிலேயே வழக்கறிஞர்களுக்குத் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கியது. தமிழ் வழக்கறிஞர்கள் பலர் பணியாற்றும் சிங்கப்பூர் 2012இல் அதைத் தொடங்கியது. எனினும், நெடுநாள் அனுபவம் கொண்ட இங்கிலாந்து கற்பிக்கும் பாடமே இங்கு முதன்மையானது. ஆண்டுக்கு 16 மணி நேரம் என்று சொலிசிட்டர்களுக்கு இருந்த கணக்கை அது 2016 நவம்பரில் கைவிட்டது. இருக்கையில் அமர்ந்திருந்த நேரம் கற்றதற்குச் சான்றாகாது என்று கண்டு, தம் பணியில் எங்கே குறை உள்ளது என்று அவரவரே ஆராய்ந்து, அதற்கேற்பப் பயின்று, ஆண்டுதோறும் உறுதியளிக்கும் முறைக்கு மாறியது. கட்டாயத்தைக் கைவிடாமல் அளவுகோலை மட்டும் மாற்றிக்கொண்ட அந்த முடிவு, இனித் தொடங்கவிருக்கும் இந்தியாவுக்கு அதே தவறைத் தவிர்க்க உதவும்.

இங்குள்ள எதிர்ப்புகளும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. சீனியரின் அலுவலகத்தில் சொற்பத் தொகைக்கு உழைக்கும் ஜூனியருக்கு, பயிற்சிக்கான கட்டணமும் ஒரு நாள் வருமான இழப்பும் பெருஞ்சுமையாகும். பயிற்சி சென்னையில் மட்டும் நடந்தால், சேலத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கும். கலந்து பேசாமல் மேலிருந்து வரும் மாற்றத்தைத் தொழில் ஏற்காது என்பதை, வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவு 2025 பிப்ரவரியில் வெளியான சில நாட்களிலேயே மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறப்பட்டது காட்டுகிறது.

தானே படித்துக்கொள்ளலாம் என்ற வாதத்துக்கும் இந்த மண்ணில் பெருமைக்குரிய முன்னோடி உண்டு. சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடியே, வகுப்பில் சேராமல் தாமே சட்டம் பயின்று தேறியவர் சி. விஜயராகவாச்சாரியார். அவர் 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை பெற்று, பின்னர் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் அவர் பயின்ற தண்டனைச் சட்டம் 164 ஆண்டுகள் நிலைத்தது. ஐந்தாண்டுக்குள் தொழிலின் அடிப்படை நூல்களே மாறும் காலத்தில், தனி ஒருவரின் ஊக்கத்தை மட்டும் நம்பி ஒரு தொழில் முழுவதும் இயங்க முடியாது.

ஆகவே கட்டாயம் வேண்டும். அது எளியதாகவும் உள்ளூரிலேயே கிடைப்பதாகவும் அமைய வேண்டும். சேலத்தில் 1984 முதல் இயங்கும் மத்திய சட்டக் கல்லூரியும், 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரிகளும் பாடங்களை உருவாக்கலாம். ஆத்தூர், மேட்டூர், பரமத்தி வேலூர் போன்ற தாலுகா வழக்கறிஞர் சங்கங்களில், நீதிமன்றப் பணி முடிந்த மாலையில், கட்டணமின்றித் தமிழிலேயே அவற்றை நடத்தலாம். விபத்து வழக்கு நடத்துபவர் விபத்துச் சட்டத்தையும், குற்ற வழக்கு நடத்துபவர் சான்றுச் சட்டத்தையும் பயில வேண்டும். தொழில் நெறி மட்டும் அனைவருக்கும் பொதுவாகலாம். வகுப்பின் முடிவில் வருகைப் பதிவேட்டில் இடும் கையொப்பத்தைவிட, வழக்கறிஞர் தாமே எழுதிக் காட்டும் ஒரு மனுவோ சான்றிதழ் வரைவோ கற்றதற்குச் சிறந்த சான்றாகும்.

வக்காலத்தில் கையொப்பமிடும் கட்சிக்காரர் தம் நிலத்தையோ, இழப்பீட்டையோ, விடுதலையையோ ஒருவர் கையில் ஒப்படைக்கிறார். அந்தக் கை இன்றைய சட்டத்தைத்தான் பிடித்திருக்கிறது என்ற உறுதியை அவருக்கு அளிப்பது, பார் கவுன்சில் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.