உலக முடிவுவரை நடப்போமா?

பயணம் என்ற சொல் காதில் விழுந்ததும் எமது வீடுகளில் முதலில் பற்றுவது அடுப்புத்தான். ஆண்கள் வேன் பேசுவார்கள். பிள்ளைகள் ஜன்னலோர ஆசனத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். பெண்களோ இரவு பதினொரு மணிக்கும் இறைச்சி கழுவிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் போன இடத்தில் ஆண்கள் இறங்கி நடக்க, சட்டி பானைகளையும் கைக்குழந்தையையும் காத்துக்கொண்டு வேனுக்குள் இருப்பதும் அவர்களே. அன்புச் சகோதரிகளே, இது பிறர்மேல் நான் சொல்லும் குறையல்ல. என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். கண்டியிலிருந்து சுபஹுக்குப் பின் ஆறுதலாகப் புறப்பட்டு, வழியில் இரண்டு இடங்களில் தேநீரும் குடித்து, போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எங்கள் சோற்றுப் பார்சல்கள் எல்லாம் லஞ்ச் சீட்டில் சுற்றியவை. அங்கே பொலித்தீன் கொண்டுபோக அனுமதி இல்லை. சோற்றைப் பாத்திரங்களுக்கு மாற்றுவதிலேயே அரை மணி நேரம் போயிற்று. பிறகு, கைக்குழந்தையோடு மனைவியை வேனில் விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம். உலக முடிவை அடைந்தபோது எமக்கு முன்னால் வெள்ளைச் சீலை தொங்கவிட்டது போல மூடுபனி. பள்ளத்தாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் மழையும் பிடித்துக்கொண்டது.

நனைந்து வந்த எங்களிடம் மனைவி, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"மூடுபனி" என்றேன்.

"அத வேனுக்குள்ள இருந்தே நானும் பார்த்தேனே" என்றார். சற்றுப் பொறுத்து, "அடுத்த முறை நான் நடக்கிறேன். சோத்த நீங்க ஆக்குங்க" என்றார்.

அந்த அடுத்த முறைக்காக நான் கேட்டு அறிந்தவையும் நடந்து அறிந்தவையுமே இக்கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, புல்வெளியும் பாசி படிந்த குட்டை மரக்காடும் மாறி மாறி வரும் சமவெளி அது. சிங்களத்தில் மஹா எலிய என்பார்கள். ஆங்கிலேயர் தமது ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரை வைத்தார்கள். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. கண்டியில் நாம் குழாயைத் திறந்து வுழூச் செய்யும் நீரில் ஒரு துளி அந்தப் புல்லடியில் ஊறியதாக இருக்கலாம்.

நடைபாதை ஒரு வட்டம். ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தில் தொடங்கி, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி மீண்டும் அங்கேயே வந்து சேரும். மொத்தம் 9 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பிள்ளைகளோடு நான்கு மணி நேரம் வையுங்கள். செங்குத்தான மலையேற்றம் இல்லை. ஆனால் கல்லும் வேரும் சேறும் உண்டு. சந்தைக்கு நடந்து போய்வரும் எந்தச் சகோதரிக்கும் இது முடியாத தூரமல்ல. முழங்கால் வலி, நெஞ்சு நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் புறப்படட்டும். அந்த உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும்.

எல்லாமே நேரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். ஆகவே முந்திய நாளே நுவரெலியாவுக்குப் போய்த் தங்குவது நல்லது. அறையிலேயே சுபஹுத் தொழுதுவிட்டுக் கிளம்பினால், 30 கிலோமீற்றர் அளவு மலைப்பாதை, பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடச் செல்லும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கலாம். பாதை பிரியும் இடத்தில் உலக முடிவுப் பக்கத்தையே முதலில் எடுங்கள். நீர்வீழ்ச்சி காத்திருக்கும், மூடுபனி காத்திருக்காது. மாதத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை உகந்தது. அந்நாட்களில் விடியலில் புல்மேல் உறைபனி விழுவதும் உண்டு. புறப்படுமுன் மலைப்பாதையின் நிலைமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எமது மலைநாட்டுக்குப் புதிதல்ல.

தொழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்படிப் போனால் லுஹருக்கு முன்பே நடை முடிந்துவிடும். கண்டியிலிருந்து போகிறவர்கள் முஸாஃபிர்கள். நுவரெலியாவுக்குத் திரும்பியதும் பள்ளிவாசலிலோ அறையிலோ லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். நுவரெலியாவிலேயே குடியிருப்பவர்களுக்கு இந்தத் தூரம் போதாது. அவர்கள் அந்தந்த நேரத்தில் முழுமையாகவே தொழவேண்டும்.

உடுப்பைப் பற்றிச் சகோதரிகள் கேட்பீர்கள். எனது மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: அபாயா கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும், உள்ளே காற்சட்டையும் நீளக் காலுறையும் போடுங்கள். நிலத்தில் இழுபட்டால் சேற்றில் கனக்கும், கல்லில் மிதித்து விழவும் கூடும். முந்தானையைக் குத்திக்கொள்ளுங்கள், அங்கே காற்று பொல்லாதது. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். காலையில் கம்பளிச் சட்டை தேவை, எட்டரைக்குப் பின் வெயில் முகத்தைச் சுடும். மழைக் கோட்டும் பையில் இருக்கட்டும். மலசலகூடத் தேவையை நடக்கத் தொடங்குமுன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு புரியாணிச் சட்டி தேவையில்லை. அந்த முறை நான் செய்தது கடலை அவித்ததும், முட்டையும், வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் கட்டசம்பலும்தான். (ரொட்டி வட்டமாக வரவில்லை. யாரும் திருப்பித் தரவுமில்லை.) ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், பிளாஸ்கில் இஞ்சித் தேநீர், கொஞ்சம் பேரீச்சம்பழம். போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை வீட்டிலேயே உரித்துவிடுங்கள், அதையும் வாசலில் கழற்றச் சொல்வார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அங்கே மேயும் மரைகள் சோற்று வாசம் பிடித்த பொலித்தீனை விழுங்கி இறந்திருக்கின்றன. அவை பழகிய மாடுபோல அருகில் வந்தாலும் பிள்ளைகள் தீனி கொடுக்க விடாதீர்கள்.

இனி முக்கியமானது. உலக முடிவில் நிலம் ஏறக்குறைய 870 மீற்றர் கீழே இறங்குகிறது. 2015இல் ஒரு வெளிநாட்டவர் தனது மனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கி நகர்ந்து அங்கே விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார். எல்லோருக்கும் மரம் வாய்க்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் என்று வீட்டிலேயே பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். கையைப் பிடிக்கும் ஆள் கையில் ஃபோன் இருக்கக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை யாராவது ஒருவர் கீழே வைத்திருக்கட்டும். அந்த ஒருவர் போன முறை வேனில் இருந்தவராக இருக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் அந்த முறை கீழே இருந்தது நான். ஒன்பது மணிக்கெல்லாம் மனைவி மூத்த மகளோடு விளிம்புக்கு நாலடி தள்ளி நின்று, கீழே தேயிலைத் தோட்டத்து வீடுகள் தீப்பெட்டி போலத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவரின் அபாயா ஓரம் முழுக்கச் சேறு. "என்ன பார்த்தீங்க?" என்று இம்முறை நான் கேட்டேன். "இருங்க, மொதல்ல தேத்தண்ணி ஊத்துங்க" என்று புல்லில் உட்கார்ந்துகொண்டார்.