பக்கத்து நிறம்

"டியூபில் அருமையாக இருந்த பச்சை, படத்தில் பூசியதும் செத்துவிடுகிறது. பெயிண்ட் மட்டமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. இதே புகாரை ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விசாரித்து முடித்திருக்கிறார்.

கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயரெடுத்த வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல், 1824-இல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். சித்திரத் திரைகள் நெய்யும் இடம் அது. கறுப்பு நூல் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வெளிறிப்போகிறது என்று புகார் வந்தது. பிற ஊர்களின் நல்ல கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்தை ஒட்டிய கறுப்பின் மேல், நீலத்துக்கு எதிர்நிறமான ஆரஞ்சின் சாயலை நம் பார்வையே ஏற்றிவிடுகிறது. கறுப்பு பழுப்படித்துத் தெரிகிறது. பல ஆண்டுகள் இதையே துருவி, 1839-இல் பெரிய நூலாக எழுதினார். ஜார்ஜ் சுரா போன்ற ஓவியர்கள் அதைப் படித்துப் படித்து, நிறங்களைப் புள்ளி புள்ளியாக அடுத்தடுத்து வைத்து வரைந்தார்கள்.

என் அம்மா பிளவுஸ் பிட்டைத் தனியாகப் பார்த்து வாங்கியதே இல்லை. புடவை மடிப்பின் மேல் விரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஓவியத்திலும் அப்படித்தான். வாசகியின் பச்சைக்குப் பக்கத்தில் பளிச்சென்ற இளம்பச்சை இருந்தால் அது மங்கத்தான் செய்யும். ஓரத்தில் கொஞ்சம் செம்மண் நிறம் வைத்தால் எழுந்துகொள்ளும்.

சிவப்பா நீலமா என்பதோடு, வெளிரா அடரா, பளிச்சா மங்கலா என்பதும் நிறத்தின் குணங்கள். மூன்றையுமே பக்கத்து நிறம் அசைக்கும். மோனே 1872 என்று தேதியிட்ட 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தில் ஆரஞ்சுச் சூரியன் தகதகக்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது! அதுவும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிர். சாம்பல் நீலத்தின் நடுவே இருப்பதால்தான் அந்த ஆரஞ்சுக்கு அத்தனை உயிர்.

நம் பள்ளிகளிலோ வானம் நீலம், இலை பச்சை, நிழலுக்குக் கறுப்பு என்பதோடு ஓவியம் முடிந்துவிடுகிறது. அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பார்க்கக் கற்கவேண்டிய வயது வீணாவதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரே சாம்பல் தாளில் இரண்டு சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் மற்றதைப் பச்சைத் தாளிலும் வைக்கச் சொல்லுங்கள். முதலாவது லேசாகப் பச்சையடிக்கும், இரண்டாவது சிவக்கும். மேலே மெல்லிய டிஷ்யூ தாளைப் போர்த்தினால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.