நாலந்தா கெடிகே: இரு மரபுகள் கூடிய கற்றளி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவழியில் நாலந்தா என்னும் சிற்றூர் உளது. அங்கே சாலையை விட்டுக் கிழக்கே சிறிது தொலைவு நடந்தால், நீர்த்தேக்கம் ஒன்றின் அருகே, உயர்ந்த மேட்டின்மீது, சிறியதொரு கற்கோயில் தோன்றும். இதனை நாலந்தா கெடிகே என்பர். தமிழகத்திலிருந்து வருவோர் இதனைக் கண்டவுடன், மாமல்லபுரத்துக் கோயில்களின் உறவினை இங்கே காண்பதாக எண்ணுவர். ஆயின், அருகே பௌத்தத் தூபியும் போதி மரமும் நிற்கின்றன. இக்கோயில் யாருடையது என்ற வினா இயல்பாகவே எழுகின்றது.

முதலிற் கட்டடத்தை நோக்குவோம். தூண்கள் நிற்கும் மண்டபம், அதனை அடுத்து ஒடுங்கிய இடைகழி, அப்பாற் கருவறை, கருவறையின் மேல் விமானம் என இவ்வமைப்புச் செல்லுகின்றது. இது திராவிடக் கட்டடக் கலையின் முறை. விமானத்தில் குதிரை இலாட வடிவான வளைவுகள் உள்ளன. தமிழகத்துச் சிற்பிகள் இவற்றைக் கூடு என அழைப்பர். தென்புறத்துக் கூட்டினுள் குபேரன் அமர்ந்திருக்கின்றான். இந்துக்களுக்கு அவன் செல்வத்தின் தலைவன். பௌத்தர்களுக்கோ வைசிரவணன் என்னும் திசைக் காவலன். ஒரே உருவத்தை இரு சமயத்தாரும் தத்தம் பெயரால் அறிவர்.

இக்கோயில் எழுந்த காலத்தைப் பற்றி அறிஞர் ஒருமித்த கருத்துடையரல்லர். 8ஆம் நூற்றாண்டிற்கும் 11ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டதெனப் பலர் கொள்வர். கட்டியவர் இன்னார் என்பதும் துணியப்படவில்லை. எனினும், காஞ்சியின் கலைமுறை இத்தீவின் நடுவே வந்தடைந்ததில் வியப்பில்லை. 7ஆம் நூற்றாண்டில் நாடிழந்த மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன் காஞ்சிக்குச் சென்று, பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் பெற்றான். சாளுக்கியரோடு நிகழ்ந்த போரில் அவனுக்குத் துணை நின்றான். பின்னர்ப் பல்லவர் படையின் உதவியோடு அனுராதபுரத்து அரியணையை அடைந்தான். இவ்வரலாற்றைச் சிங்கள மக்களின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சத்தின் தொடர்ச்சியே கூறுகின்றது. அரசரும் படையும் கடந்த கடலைச் சிற்பியின் உளியும் கடந்திருத்தல் இயல்பேயாம்.

மரபுகள் கலக்கும் வழி எங்கும் ஒன்றன்று. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் அந்தீசு மலைமீதுள்ள கூசுக்கோ நகரம் இன்கா மன்னர்களின் தலைநகராக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் அதனைக் கைப்பற்றி, கொரிக்காஞ்சா என்னும் சூரியக் கோயிலின் சுவர்மீதே தங்கள் துறவியர் மடத்தை எழுப்பினர். 1950ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் மடத்தின் பகுதிகள் சரிந்தன. அடியிலிருந்த இன்காக் கற்சுவர்களோ அசையாது நின்றன. அந்நகரப் பேராலயத்தில் இயேசுவின் இறுதி விருந்தைக் காட்டும் ஓவியம் உண்டு. அதில் விருந்தின் நடுவே இருப்பது மலைநாட்டார் உண்ணும் கினிப்பன்றி. வென்றவரின் சமயத்தைத் தோற்றவரின் கைகளே தம் முறையில் வரைந்தன. அங்கே கலப்பின் அடியில் வெற்றியின் வடு கிடக்கின்றது. நாலந்தாவிலோ ஒன்றின்மேல் ஒன்றைக் கட்டிய அடையாளம் இல்லை. ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு கல்லிலும் இரு மரபும் சேர்ந்தே நிற்கின்றன.

இக்கோயில் அழியும் நிலையும் ஒருகால் நேர்ந்தது. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, இது நின்ற நிலம் நீரில் மூழ்கும் என்பது தெளிவாயிற்று. 1970களில் தொல்பொருள் துறையினர் இதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்தனர். பின்னர் மேட்டு நிலத்தில் மீளக் கட்டினர். அப்பணி 1980இல் நிறைவெய்தியது.

அதே மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளின் பின் வேறொரு காட்சி நிகழ்ந்தது. 1983ஆம் ஆண்டின் வன்செயலில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தீக்கிரையாயிற்று. அக்கோயில் மீண்டும் எழுந்தது. இன்று அதன் வாயிலில் தமிழரோடு சிங்கள மக்களும் வந்து வழிபடுகின்றனர். ஒரு கோயிலைக் காக்க எத்தனை கைகள் உழைத்தன! மற்றொன்றை அழிக்க எவ்வளவு சிறிது நேரமே போதுமாயிற்று!

பழைய கற்களை நம்முடையவை, பிறருடையவை எனப் பங்கிட முயல்வோர் எக்காலத்தும் உண்டு. நாலந்தாவில் அப்பங்கீடு செல்லாது. தமிழகத்தின் விமானத்தைப் பிரித்தால் பௌத்தரின் இல்லத்திற்குக் கூரையில்லை. பௌத்தரின் வழிபாட்டை நீக்கினால் அவ்விமானம் அங்கே நிற்பதற்குக் காரணமில்லை. மாத்தளை வழியாகச் செல்லும் பிள்ளைகளை ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுதல் நன்று. இரு மொழி பேசும் பிள்ளைகளும் ஒருங்கே நின்று அதனைக் காண்பராயின், அது பாடநூல் தரும் பயனினும் மிகுந்த பயன் தரும்.