சுவிஸுக்குக் கடல் இல்லை

காணியை ஈடு வைத்து, நகையை விற்று, 'சுவிஸ் அனுப்புறன்' என்று சொல்பவரிடம் காசைக் கொடுப்பது வன்னியில் அக்கராயன் பக்கம் புதிய கதை அல்ல. 1983க்குப் பிறகு போனவர்கள் அங்கே வேரூன்றிவிட்டார்கள். இன்று ஏறத்தாழ 50,000 தமிழர் வாழ்கிறார்கள். பேர்ண் நகரில் 2014இல் திறந்த மதங்களின் இல்லத்தில் சைவக் கோயிலும் இருக்கிறது. கோயில் படங்களையும் பனிமலைப் படங்களையும் காட்டும் முகவர், நாட்டின் வரைபடத்தை மட்டும் காட்டுவதில்லை.

2022 நவம்பரில் வியட்நாம் பக்கம் தத்தளித்த படகிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்ட பிறகு, கடல் பயணத்துக்கு வீட்டார் அஞ்சுகிறார்கள். தரைவழி என்றால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. சுவிஸின் ஐந்தில் மூன்று பங்கு அல்ப்ஸ் மலை. பனிக்காலத்தில் சரியான உடுப்பும் சப்பாத்தும் இல்லாமல் இரவில் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் குளிரே ஆளைக் கொன்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. இத்தாலி, பிரான்ஸ், ஜேர்மனி, ஒஸ்திரியா, லிக்டன்ஸ்டைன் ஆகிய ஐந்தும் சுவிஸைச் சுற்றி நிற்கின்றன. தரைவழியே வருபவர் இவற்றில் ஒன்றையாவது மிதித்தே ஆகவேண்டும். டப்ளின் ஏற்பாட்டில் 2008 முதல் சுவிஸும் சேர்ந்திருக்கிறது. அதன்படி முதலில் கைரேகை பதிந்த நாடோ, விசா கொடுத்த நாடோதான் பெரும்பாலும் தஞ்சக் கோரிக்கையை விசாரிக்கும். முகவர் இத்தாலி விசா எடுத்துத் தந்தால், சூரிச்சில் சொந்த மாமா இருந்தாலும் உங்கள் கோரிக்கைக்கு இத்தாலியே பொறுப்பு என்று சுவிஸ் சொல்லிவிடலாம். கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை சுவிஸில் இருந்தால் நிலைமை மாறலாம். வயதுவந்தவருக்கு மாமா, மச்சான் உறவு அந்தக் கணக்கில் வராது.

'கொழும்புத் தூதரகத்தில் தஞ்ச ஃபைல் போட்டாச்சு' என்பது இன்னொரு புளுகு. 2012 செப்டெம்பருடன் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. 'வேலை விசா எடுத்துத் தாறன்' என்பதும் புளுகுதான். ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ளவரை வேலைக்கு எடுக்க, சுவிஸ் முதலாளியே தன் மாநில அரசிடம் முன்கூட்டி அனுமதி கேட்கவேண்டும். அதுவும் உயர்தகுதி உள்ளவர்களுக்குத்தான். கோப்பை கழுவும் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் அனுமதி வாங்கித் தர முடியாது.

உண்மையிலேயே உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவருக்கு உரிமைகள் உண்டு. எல்லையிலோ விமான நிலையத்திலோ தஞ்சம் கேட்கலாம். 2019 மார்ச் முதல் தஞ்ச விசாரணையில் இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது, மொழிபெயர்ப்பாளரும் இருப்பார். முகவர் எழுதித் தந்த கதையை அங்கே ஒப்புவிக்காதீர்கள். முரண்பட்ட ஒரு திகதி போதும், உண்மையான வழக்கையும் கெடுத்துவிடும்.

இனிக் காணி. வன்னியில் பலரிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதைக் கைமாற்றினால் செல்லாது, அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து வரலாம். உறுதிக் காணி என்றால், கடனுக்குப் பிணையாக அறுதி உறுதியில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். அது ஈடு அல்ல, விற்பனை.

காசு கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. மோசடிக்காரருக்கு அந்த வெட்கம்தான் முதலீடு. வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் குரல்பதிவு, கடவுச்சீட்டுப் பிரதி எதையும் அழிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். வழக்குப் பேச வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வேலை என்று சொல்லி யாராவது காசு கேட்டால், கொடுக்கும் முன்பே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.