நான்காவது கவ்வி எங்கே?

இரண்டு வாரமாக ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த மகிழுந்தின் சாவியைத் திருகுகிறோம். 'டிக், டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது. விளக்குகள் மங்கலாக எரிகின்றன. இயந்திரம் அசைய மறுக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வாரக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்ற பல மகிழுந்துகளுக்கு இந்நிலை ஏற்பட்டது. மின்கலம் வலுவிழந்ததே இதற்குக் காரணம். பேச்சு வழக்கில் இதனை, 'பேட்டரி செத்துவிட்டது' என்கிறோம்.

இத்தகைய வேளையில், மற்றொரு மகிழுந்தின் மின்கலத்திலிருந்து மின்சாரம் பெற்று இயந்திரத்தை இயக்கலாம். இதற்கு 'ஜம்ப் ஸ்டார்ட்' என்று பெயர். சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களில் இரண்டு தடித்த கம்பிகளும் அவற்றின் நுனிகளில் நான்கு கவ்விகளும் இருந்தால் போதும். பத்து, பதினைந்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆயினும், கவ்விகளைத் தவறாகப் பொருத்தினால் மின்கலம் வெடிக்கக்கூடும். அதிலுள்ள அமிலம் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கக்கூடும். எனவே, நான்கு கவ்விகளையும் எந்த வரிசையில் பொருத்துவது என்பதைப் பலர் மனப்பாடம் செய்கின்றனர். பதற்றத்தில் அதை மறந்தும் விடுகின்றனர். வரிசைக்கான காரணத்தைப் புரிந்துகொண்டவரோ அதை எளிதில் மறப்பதில்லை.

மின்கலம் ஏன் வலுவிழக்கிறது?

பெரும்பாலான மகிழுந்துகளில் இருப்பது காரீய அமில மின்கலமாகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் இவ்வகை மின்கலத்தைக் கண்டுபிடித்தார். காரீயத் தகடுகளுக்கும் நீர் கலந்த கந்தக அமிலத்திற்கும் இடையே நிகழும் வேதிவினையால் மின்சாரம் உண்டாகிறது. மின்கலத்தின் உள்ளே ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. எனவே, முழுமையாக மின்னேற்றம் பெற்ற மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அந்த அளவு 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சேமித்த ஆற்றலில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மகிழுந்தின் இயந்திரத்தை முதலில் சுழற்றிவிடுவது தொடக்க மோட்டாராகும். தொடக்க காலத்தில் இந்த மோட்டார் கிடையாது. ஓட்டுநர்கள் வண்டியின் முன்னே நின்று, இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்கினார்கள். அக்கைப்பிடி திடீரென எதிர்த்திசையில் திரும்பிக் கையை முறித்ததும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கக் கருவி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகளில் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் இந்நிலை படிப்படியாக மாறியது.

தொடக்க மோட்டார் சில விநாடிகளே இயங்கும். ஆனால், அந்தச் சில விநாடிகளில் அது நூறு அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் வானொலிக்கும் சிறிதளவு மின்சாரமே போதும். எனவேதான், மின்கலம் வலுவிழந்த மகிழுந்தில் வானொலி பாடினாலும் இயந்திரம் சுழல்வதில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும், 'ஆல்டர்னேட்டர்' எனப்படும் மின்னாக்கி சுமார் 14 வோல்ட் அளவில் மின்சாரத்தை உற்பத்தி செய்து மின்கலத்தை மீண்டும் நிரப்பும். நிறுத்தி வைத்த மகிழுந்தில் இப்பணி நடைபெறாது. ஆனால் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி போன்றவை சிறுகச் சிறுக மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். முன்விளக்கை அணைக்க மறந்தாலோ ஒரே இரவில் மின்கலம் வற்றிவிடும். நம் நாட்டின் வெப்பமும் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது. இங்கு இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே மின்கலத்தை மாற்ற நேர்வது இயல்பு.

இணைப்பதற்கு முன்

'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன் கண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். மின்கலம் உப்பியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, திரவம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் முயற்சியைக் கைவிட்டுப் பட்டறைக்குத் தகவல் கொடுப்பதே நல்லது.

உதவ வரும் வாகனத்தின் மின்கலமும் 12 வோல்ட் கொண்டதாக இருக்க வேண்டும். கனரக லாரிகள் பலவற்றில் 24 வோல்ட் அமைப்பு உள்ளது. அதனுடன் மகிழுந்தை இணைத்தால் மின்னணுக் கருவிகள் பழுதடையும். ஹைபிரிட் வாகனங்களிலும் மின்சார வாகனங்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் இருக்கும். அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள். அவற்றைத் தொடவே கூடாது. இவ்வகை வாகனங்களுக்குப் பயனர் கையேடு கூறும் முறையையே பின்பற்ற வேண்டும்.

இரண்டு மகிழுந்துகளையும் ஒன்றையொன்று தொடாதவாறு அருகருகே நிறுத்தி, இயந்திரம், விளக்கு, குளிரூட்டி ஆகிய அனைத்தையும் அடைக்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைப்பது அவசியம். தங்கமும் வெள்ளியும் மின்சாரத்தை நன்கு கடத்துபவை. அவை மின்கலத்தின் முனையிலும் இரும்பிலும் ஒரே நேரத்தில் பட்டால், நொடியில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். இருட்டாக இருந்தால் கைவிளக்கைப் பயன்படுத்தலாம்; தீக்குச்சியையோ லைட்டரையோ பற்றவைக்கக் கூடாது.

நான்கு கவ்விகளின் வரிசை

மின்கலத்தில் கூட்டல் குறியிட்டது நேர்முனை. கழித்தல் குறியிட்டது எதிர்முனை. கவ்விகளைப் பின்வரும் வரிசையில் பொருத்த வேண்டும்.

1. சிவப்புக் கம்பியின் ஒரு கவ்வி: முடங்கிய மகிழுந்து மின்கலத்தின் நேர்முனையில்.
2. சிவப்புக் கம்பியின் மறு கவ்வி: உதவும் மகிழுந்து மின்கலத்தின் நேர்முனையில்.
3. கறுப்புக் கம்பியின் ஒரு கவ்வி: உதவும் மகிழுந்து மின்கலத்தின் எதிர்முனையில்.
4. கறுப்புக் கம்பியின் மறு கவ்வி: முடங்கிய மகிழுந்தின் இயந்திரப் பகுதியில், மின்கலத்திலிருந்து தள்ளி, சாயம் பூசப்படாத உறுதியான உலோகப் பகுதியில்.

முதல் மூன்று கவ்விகளும் மின்கலத்தின் முனைகளுக்குச் செல்கின்றன. நான்காவது மட்டும் விலகி நிற்கிறது. ஏன்?

மின்சுற்று முழுமையடையும் கணத்தில் தீப்பொறி எழுவது வழக்கம். முதல் மூன்று கவ்விகளைப் பொருத்தும்போது சுற்று முழுமையடைவதில்லை. நான்காவதைப் பொருத்தும்போதுதான் முழுமையடைகிறது. ஆகவே, தீப்பொறி எழும் இடமும் அதுவே. மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. காற்றில் அது நான்கு விழுக்காடு கலந்திருந்தாலே தீப்பற்றும். கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவின் அருகில் தீப்பொறி பறந்தால் மின்கலம் வெடித்துவிடும். எனவே, தீப்பொறியைத் தவிர்க்க முடியாவிட்டாலும் அது எழும் இடத்தை மின்கலத்திலிருந்து தள்ளி வைக்கிறோம்.

அப்படியானால், மின்சாரம் மின்கலத்தின் எதிர்முனைக்கு எப்படிச் செல்லும்? இன்றைய மகிழுந்துகளில் மின்கலத்தின் எதிர்முனை வண்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உலோகத்தில் கவ்வியைப் பொருத்துவது, எதிர்முனையிலேயே பொருத்துவதற்கு ஒப்பாகும். பயன் ஒன்றுதான், ஆபத்து மட்டும் குறைகிறது.

சிவப்புக் கவ்வியை முடங்கிய வண்டியில் முதலில் பொருத்துவதற்கும் இந்த உலோக உடலே காரணம். நேர்முனையோடு இணைந்த கம்பியின் மறு நுனி அதே வண்டியின் உடலில் பட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். வலுவான மின்கலத்தில் தொடங்கினால் அதன் தாக்கம் கடுமையாக இருக்கும். வலுவிழந்த மின்கலத்தில் தொடங்கினால் தாக்கம் குறைவு. எதுவாயினும், கவ்விகளை ஒன்றோடொன்று உரசவிடக் கூடாது.

இயக்குதலும் கழற்றுதலும்

இணைப்பு முடிந்ததும் உதவும் மகிழுந்தை இயக்கிச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். அதன்பின் முடங்கிய மகிழுந்தை இயக்கிப் பார்க்கலாம். ஒரு முயற்சி பத்து விநாடிகளைத் தாண்டக் கூடாது. பலன் இல்லையென்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். கம்பி மிக மெல்லியதாக இருந்தாலும் இயந்திரம் சுழலாமல் போகலாம். சிறு குழாயில் பெருவெள்ளம் பாயாது; அதுபோல மெல்லிய கம்பி வழியே தேவையான மின்னோட்டம் செல்லாது. மாறாக, கம்பி சூடேறும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கவ்விகளைத் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும். கடைசியாகப் பொருத்திய நான்காவது கவ்வியை முதலில் எடுக்க வேண்டும். சுற்று முழுமையடையும்போது மட்டுமன்று, அறுபடும்போதும் தீப்பொறி எழும் என்பதை நினைவில் கொள்க.

பின்னர், மகிழுந்தைக் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இதனால் மின்கலம் முழுமையாக நிரம்பிவிடாது. அன்றோ மறுநாளோ பட்டறையில் அதைச் சோதிப்பது சிறப்பு. மீண்டும் மீண்டும் இதே சிக்கல் வந்தால் மின்கலம் முதுமையடைந்திருக்கலாம். அல்லது மின்னாக்கி பழுதாகியிருக்கலாம்.

தவிர்க்க வேண்டிய வேளைகள்

நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் இவ்வேலையில் இறங்கக் கூடாது. விரைந்து வரும் வாகனங்கள் மின்கலத்தைவிடப் பெரிய ஆபத்து. எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, பயணிகள் அனைவரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் சென்று நிற்க வேண்டும். பிறகு நெடுஞ்சாலை ரோந்துக் குழுவினரைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஒருவேளை அமிலம் கண்ணில் பட்டுவிட்டால், கண்ணைக் கசக்காமல், குறைந்தது 15 நிமிடங்களுக்குத் தூய நீரால் தொடர்ந்து கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாணவர்களே, மலேசியாவில் 17 வயதில் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறலாம். அதுவரை நீங்கள் தனித்து இம்முயற்சியில் ஈடுபட வேண்டாம். ஆனால், இரவு நேரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் அப்பாவுக்கோ அத்தைக்கோ கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்களாக இருக்கலாம். அவசரத்தில் அவர்கள் கடைசிக் கவ்வியை மின்கலத்திற்கே கொண்டுசென்றால், "அங்கே வேண்டாம், தள்ளி இரும்பில் மாட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், அதற்கான விடையும் உங்களிடம் இருக்கிறது.